பச்சை மையில் கையொப்பம் வாங்கும் சிந்தனை

'கோச்சிங்' என்கிற சொல் தமிழில் எப்போதோ குடியேறிவிட்டது. எந்த டவுனிலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடிப்படி ஏறினால் நீட் கோச்சிங், டெட் கோச்சிங், டிஎன்பிஎஸ்சி கோச்சிங் எல்லாம் கிடைக்கும். சொல்லின் பூர்வீகம் ஹங்கேரியில் கோச் என்ற கிராமம். வண்டி கட்டுவதில் பேர்போன அந்த ஊரின் பெயரே ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வண்டிக்குப் பெயராயிற்று. 1830களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் தங்களைப் பரீட்சையிலிருந்து கரையேற்றிவிடும் தனிவாத்தியாரைக் கேலியாக அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஏறி உட்கார்ந்தால் போதும், வண்டி கொண்டுபோய் இறக்கிவிடும். நம்மூர்க் கோச்சிங் சென்டர்கள் அந்த மூலப்பொருளுக்கு இன்றுவரை விசுவாசமாகத்தான் இருக்கின்றன.

நான் பேச வந்தது இன்னொரு கோச்சிங். மாணவனுக்கல்ல, ஆசிரியருக்கு. ஒருவர் வகுப்பெடுக்கிறார், இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறார், வகுப்பு முடிந்ததும் இருவரும் பேசுகிறார்கள். இந்தப் பேச்சு தொடர்ந்து நடந்தால் ஆசிரியருக்குத் தன் வகுப்பைத் தானே திரும்பிப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும் என்பது நம்பிக்கை. கேட்க நியாயமாகவே இருக்கிறது. அமெரிக்கப் பள்ளிகளிலிருந்து கிளம்பிய இந்தச் சொல்லாடல் நமது பயிற்சிக் கையேடுகளுக்குள் வந்து சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. அங்கே அது என்னவாக உருமாறி நிற்கிறது என்பதில்தான் எனக்கு வழக்கு.

முதலில் மொழிபெயர்ப்பு. பயிற்சிக் கையேடுகளில் 'பிரதிபலிப்பு' என்று போடுகிறார்கள். பிரதிபலிப்பது கண்ணாடியின் வேலை. எதிரில் நிற்பதைக் காட்டும், யோசிக்காது. நம்மிடம் இதைவிட நல்ல சொல் உண்டு: அசைபோடுதல். மாடு மேய்கிற நேரத்தில் அசைபோடாது. கிடைத்ததை விழுங்கி வைத்துக்கொண்டு, நிழலில் படுத்த பிறகுதான் எடுத்து மெல்லும். ஆசிரியருக்கு அந்த நிழல் எங்கே இருக்கிறது என்பதே இந்த விவகாரத்தின் முதல் கேள்வி. எந்தக் கையேடும் அதைக் கேட்பதில்லை.

ஜான் டூயி 1910இல் எழுதிய 'நாம் எப்படிச் சிந்திக்கிறோம்' நூலில், சிந்தனை ஒரு திகைப்பிலிருந்துதான் தொடங்குகிறது என்று வாதிட்டார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது யாரும் யோசிப்பதில்லை. எங்கேயோ இடறுகிறது, அங்கே நிற்கிறோம். 1983இல் டொனால்டு ஷோன் இதை இன்னும் கீழே, தொழில் செய்கிறவனின் கைக்குக் கொண்டுவந்தார். பல்கலைக்கழகம் கெட்டித்தரை, அங்கே கோட்பாடுகள் சுத்தமாக நிற்கும். தொழில் நடப்பதோ சேற்றில். மனிதர்களுக்கு முக்கியமான பிரச்சினைகள் எல்லாம் சேற்றில்தான் கிடக்கின்றன. காரியம் நடக்கும்போதே நடக்கிற யோசனை ஒன்று, முடிந்தபின் நடக்கிற யோசனை ஒன்று என்று இரண்டாகப் பிரித்தவரும் அவர்தான்.

இது அவ்வளவு பெரிய தத்துவமா என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்த தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் சொன்னதைச் சொல்கிறேன். இரண்டாம் வகுப்புப் பையன், பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறான். ஒரு சொல் தவறவில்லை. அவருக்குச் சந்தோஷம், அடுத்த பிள்ளையைக் கூப்பிடப் போகிறார். அப்போதுதான் பையனின் விரலைப் பார்க்கிறார். வாய் மூன்றாவது வரியில் இருக்கிறது, விரல் இரண்டாவது வரியில் இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் பக்கத்தின் மேல்பாதியை உள்ளங்கையால் மறைத்து, நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி, 'இது என்னப்பா?' என்கிறார். பையன் முழிக்கிறான். மனப்பாடம். வீட்டில் அக்கா நாலாம் வகுப்பு. தம்பியின் புத்தகத்தை அவள்தான் சத்தம்போட்டு வாசித்துக் காட்டுகிறாள். இவன் காதால் பிடித்துக்கொண்டான். டீச்சருக்கு பஸ்ஸில் வீடு போகும்வரை இதே யோசனை. பையன் ஏமாற்றவில்லை, அவன் காது அபாரமான காது. அந்தக் காதை வைத்துக்கொண்டே கண்ணுக்கு எழுத்தைக் கொண்டுவர முடியுமா? 'இத்தனை நாளா விரலைப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே, இன்னும் எத்தனை பிள்ளை இப்பிடி வாசிக்குதோ' என்றார். உள்ளங்கையால் மறைத்தது ஷோனின் முதல் வகை, பஸ்ஸில் நடந்தது இரண்டாவது. டூயியின் திகைப்பு அந்த விரலில் இருந்தது. அவர் இரண்டு பேரையும் படித்தவரல்ல.

பஸ்ஸில் யோசித்ததை அவர் எங்கே எழுதுவார்? எழுத ஒரு இடம் இருக்கிறது. வகுப்பறை உற்றுநோக்கல் படிவம் இருக்கிறது. பாடக்குறிப்பேடு இருக்கிறது, அதைத் தலைமையாசிரியர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். மேலதிகாரி வந்தால் அவரும் போடுவார், பச்சை மையில். 'இரண்டாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் வாசிக்காமல் ஒப்பிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை' என்று அந்த நோட்டில் எழுதுகிற தைரியம் யாருக்கு வரும்? எழுதினால் அடுத்த நாள் கிடைப்பது உதவியா, விளக்கம் கேட்டு மெமோவா? ஆகவே டீச்சர் எழுதுவது: 'மாணவர்கள் ஆர்வமுடன் பங்கேற்றனர். கற்றல் விளைவு அடையப்பட்டது.'

பி.எட். படிப்பிலும் இதே கதை. 2009இன் ஆசிரியர் கல்விக்கான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு ஆசிரியரைச் சிந்திக்கும் தொழிலராக ஆக்க வேண்டும் என்றது. 2015இலிருந்து பி.எட். இரண்டு வருஷமானது, பள்ளியில் இருந்து கற்கும் காலமும் கூடியது, நாட்குறிப்பு எழுத வேண்டும் என்றும் வந்தது. நல்ல விஷயந்தான். ஆனால் ரெக்கார்டு நோட்டைக் காசு கொடுத்து எழுதி வாங்குவது நம் ஊர்களில் ஒரு குடிசைத் தொழில். ஒருவருடைய சுயசிந்தனையை இன்னொருவர் பக்கத்துக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுக்கிறார். 'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்ற ரொலான் பார்த்தின் வாசகத்துக்கு இப்படியொரு நிரூபணம் கிடைக்குமென்று அவரே நினைத்திருக்க மாட்டார்.

இங்கே மிஷெல் ஃபூக்கோ ஞாபகத்துக்கு வராமல் போகமாட்டார். 1976இல் வந்த பாலியல் வரலாற்றின் முதல் தொகுதியில் பாவசங்கீர்த்தனத்தை அவர் ஆராய்கிறார். பேசுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் இடையே அதிகாரம் கேட்கிறவன் பக்கம் இருக்கிறது. சொல்லச் செய்வது, சொன்னதை எடைபோடுவது, மன்னிப்பதோ தண்டிப்பதோ எல்லாம் அவன் கையில். உள்ளே இருப்பதை வெளியே கொட்டச் சொல்வது விடுதலையாகத் தோன்றும். தோன்றுவதுதான் அதன் தந்திரம். சுயசிந்தனைப் படிவம் இதன் அரசு அலுவலகப் பதிப்பு. சரி. ஆனால் ஃபூக்கோவைச் சொன்ன கையோடு 'எல்லாமே அதிகாரந்தான்' என்று கையை விரித்துவிட்டு டீ குடிக்கப் போவது நமது சிறுபத்திரிகை வழக்கம். அது போதாது. பார்வைகள் எல்லாம் ஒன்றல்ல. பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் யார், அவர் கையில் இருப்பது என்ன, அவர் பார்த்தது எங்கே போய்ச் சேருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பார்த்துக் கணக்கெடுக்கும் மரபுக்கு நம் மண்ணிலேயே ஒரு முன்கதை உண்டு. ஆண்ட்ரூ பெல் 1789இல் சென்னை எழும்பூர் ராணுவ அநாதைப் பள்ளியின் பொறுப்பேற்றார். திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை வளர்த்தெடுத்து, 1797இல் லண்டனில் நூலாகவும் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று உலகம் சுற்றியது அதுதான். நமது சட்டாம்பிள்ளை மாதிரி ஒருவன் அதில் கற்பிக்கிறவனாகவும் கண்காணிக்கிறவனாகவும் ஒரே உடம்பில் இருந்தான். பிற்பாடு 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ புதிய விதித்தொகுப்பைக் கொண்டுவந்தார். இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறிய தலைகளை எண்ணிப் பள்ளிக்கு மானியம். சென்னை மாகாணத்திலும் இதே பாணியில் மானியம் தரப்பட்டது. இதை எதிர்த்தவர்களில் ஒருவர் 1851 முதல் 1886 வரை பள்ளி இன்ஸ்பெக்டராக வேலை பார்த்த மாத்யூ ஆர்னால்டு. ஆமாம், எம்.ஏ. பாடத்தில் நாம் உருப்போட்ட அதே கவிஞர், அதே விமர்சகர். பிள்ளைகள் புரியாமல் ஒப்பிக்கப் பழகுவார்கள், ஆசிரியர் இன்ஸ்பெக்டருக்காகப் பாடம் நடத்துவார் என்பது அவருடைய கவலை. விரல் இரண்டாவது வரியிலும் வாய் மூன்றாவது வரியிலும் இருக்கிற பையனை அந்த மானியம் 'தேர்ச்சி' என்று எண்ணியிருக்கும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் முன்னின்று தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007இல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குப் போனது. ரிஷிவேலி பள்ளியின் கிராமப்புறச் சோதனைகளிலிருந்து வந்த யோசனை. அட்டைகள், ஏணிப்படிகள், சுவரின் கீழ்ப்பக்கம் பிள்ளைகளுக்கு எட்டுகிற கரும்பலகை. ஆசிரியர் நாற்காலியிலிருந்து இறங்கிப் பாயில் உட்கார்ந்தார். இந்தக் கடைசி விஷயத்தின் குறியீட்டு மதிப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். சாதி ஊறிய சமூகத்தில் வாத்தியார் தரையில், எல்லாப் பிள்ளைகளோடும் ஒரே பாயில் உட்காருவது லேசான காரியமல்ல. ஆனால் ஒரு மாவட்டத்தில் தானாக முளைத்த சோதனையை ஒரே உத்தரவில் மாநிலம் முழுக்க ஆக்கியபோது, ஆசிரியரின் யோசனைக்கு வேலையில்லாமல் போயிற்று. அட்டையின் வரிசை முன்பே தீர்மானிக்கப்பட்டது. பையன் எந்தப் படியில் நிற்கிறான் என்று குறிப்பதுதான் வேலை. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைபிரித்தது. அழகான பெயர்கள். பதிவு கைபேசிக்கு மாறியது. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பை வைத்துக்கொண்டு ஒருவர் சிக்னல் தேடி வேப்பமரத்தடிக்குப் போகிறார். அசைபோடக் கிடைக்க வேண்டிய நிழல் அப்படிச் செலவாகிறது.

இதற்கு நடுவில் ஒரு ஜீவன் உண்டு: ஆசிரியர் பயிற்றுநர். அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தபின் வட்டார வள மையங்களில் அமர்த்தப்பட்டவர்கள். தாளில் பார்த்தால் இவர்தான் நமது கோச். பள்ளிக்குப் போக வேண்டும், வகுப்பில் உட்கார வேண்டும், ஆசிரியருக்குத் தோள்கொடுக்க வேண்டும். நடைமுறையில் புள்ளிவிவரம் திரட்டுகிறவர், சுற்றறிக்கை சுமக்கிறவர். அவர் பள்ளிவாசலில் வண்டியை நிறுத்தும்போதே வகுப்பு மாறிவிடுகிறது. உள்ளே இருப்பவருக்கு இவரைப் பார்த்துப் பயம். இவருக்கு மேலே அனுப்ப வேண்டிய படிவத்தைப் பார்த்துப் பயம். இரண்டு பயங்கள் எதிரெதிரே உட்கார்ந்து 'துணைக்கருவி பயன்படுத்தப்பட்டதா? ஆம்' என்று முடித்துக்கொள்கின்றன. 'சார், எதையாவது நல்லதா எழுதிட்டுப் போங்க' என்று ஆசிரியர் சொல்ல, 'நீங்களே சொல்லுங்க டீச்சர், நான் எழுதிக்கிறேன்' என்று அவர் சொல்ல, நானே கேட்டிருக்கிறேன். இரண்டு பேரையும் நான் குறைசொல்ல மாட்டேன். இருவரும் அந்த ஏற்பாட்டுக்குள் செய்யக்கூடிய ஒரே புத்திசாலித்தனமான காரியத்தைத்தான் செய்கிறார்கள்.

இந்தச் சரக்கை நாம் எங்கிருந்து இறக்குமதி செய்தோமோ அங்கே மூலப்பிரதியில் இருந்த இரண்டு சங்கதிகள் வழியில் கழன்று விழுந்துவிட்டன. ஒன்று: 1950களின் பிற்பகுதியில் ஹார்வர்டில் மோரிஸ் கோகனும் கூட்டாளிகளும் ஒரு மேற்பார்வை முறையை உருவாக்கினார்கள். 1969இல் ராபர்ட் கோல்ட்ஹாமர் அதை ஐந்து கட்டங்களாக எழுதினார். வகுப்புக்கு முன் பேச்சு, வகுப்பைப் பார்த்தல், பார்த்ததை ஆராய்தல், ஆசிரியரோடு உரையாடல். ஐந்தாவது கட்டத்தில் மேற்பார்வையாளர் தன்னைத்தானே ஆராய வேண்டும். நான் எப்படிப் பேசினேன், எங்கே அவரைப் பேசவிடாமல் அடித்தேன், நான் சொன்னதால் என்ன பயன்? நம் படிவங்களில் முதல் நான்குக்கும் ஏதோ ஒரு கட்டம் இருக்கும். ஐந்தாவதுக்கு ஒரு வரி கிடையாது. பார்க்கிறவரைப் பார்க்க ஏற்பாடில்லை.

இரண்டாவது சங்கதி எனக்கு இன்னும் முக்கியம். வெறும் பயிற்சி முகாம்கள் வகுப்பறைக்குள் போய்ச் சேருவதில்லை, உடனிருந்து துணை செய்தால்தான் சேரும் என்று 1980களில் வாதாடி இந்தக் கோச்சிங்கைப் பரப்பியவர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும். அவர்களே 1996இல் எழுதிய கட்டுரையில் ஒரு திருத்தம் செய்தார்கள். ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் வகுப்பைப் பற்றிக் கருத்துச் சொல்லும் பகுதியை அடியோடு எடுத்துவிட்டோம் என்றார்கள். காரணம், கருத்துச் சொல்ல ஆரம்பித்ததும் சக ஆசிரியரும் அதிகாரி மாதிரி பேசத் தொடங்கிவிடுகிறார்; கூட்டுவேலை குலைந்துவிடுகிறது. அதோடு நிற்கவில்லை. இருவர் ஒருவரையொருவர் பார்க்கும்போது, வகுப்பெடுக்கிறவர்தான் கோச், பின்னால் உட்கார்ந்து பார்க்கிறவர் கற்றுக்கொள்கிறவர் என்று புதிதாக வரையறுத்தார்கள். இந்தத் தலைகீழாக்கம் எவ்வளவு பெரிய விஷயம்! பின்பெஞ்சில் இருப்பவர் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பாடம் கற்க வந்திருக்கிறார். நாம் இறக்குமதி செய்தது இந்தத் திருத்தத்துக்கு முந்தைய சரக்கை.

ஜப்பானில் நெடுங்காலமாக நடக்கிற 'பாட ஆய்வு' இதற்குப் பக்கத்தில் வருவது. நாலைந்து ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்துகிறார். மற்றவர்கள் ஆசிரியரைப் பார்ப்பதில்லை, பிள்ளைகளின் முகத்தையும் நோட்டையும் பார்க்கிறார்கள். பாடம் தோற்றால் தோற்றது எல்லாருடைய திட்டம். குற்றவாளி என்று தனியாக யாரும் கூண்டில் ஏறுவதில்லை.

இந்த இடத்தில் தோழர்கள் ஒரு எதிர்க்கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். கண்காணிப்பு வேண்டாம், ஆசிரியரை அவர் பாட்டுக்கு விடுங்கள் என்பது யாருக்கு வசதி? சேரிப் பிள்ளையைக் கடைசி வரிசையில் உட்காரவைக்கிற, அவன் கையில் துடைப்பத்தையும் கக்கூஸ் கழுவும் வாளியையும் கொடுக்கிற வாத்தியாருக்குத்தானே? அதிகாரியின் ஜீப்புக்காவது அவர் பயப்படட்டும் என்று ஒரு தலித் தகப்பன் நினைத்தால் அதில் என்ன தப்பு?

தப்பில்லை. துடைப்பத்தைக் கொடுத்தவருக்குக் கோச்சிங் தேவையில்லை. அதற்கு 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, எஃப்.ஐ.ஆர். இருக்கிறது. குற்றத்தைச் 'சிந்தனைப் பயிற்சி'யாக நீர்த்துப்போகச் செய்வதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நான் கேட்பது வேறு. இத்தனை ஜீப்புகளும் படிவங்களும் இந்த விஷயத்தை எப்போதாவது பார்த்தனவா? துணைக்கருவி உண்டா, குழுவாக அமர்ந்தனரா என்று கேட்கிற படிவம், அந்தக் குழுவில் யார் பக்கத்தில் யார் உட்காரவில்லை என்று கேட்பதில்லை. இன்று முழுக்க யாருடைய பெயரை நீங்கள் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை என்று கேட்பதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவன் பள்ளியிலேயே படித்த பையன்கள். அந்தப் பையன்கள் அத்தனை வருஷமும் ஏதோ ஒரு வகுப்பறையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வகுப்புகளுக்கும் உற்றுநோக்கல் நடந்திருக்கும், கட்டங்களில் டிக் விழுந்திருக்கும். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடுப்பது, ஆசிரியர்களை அவ்வப்போது இடமாற்றுவது, பள்ளி நல அலுவலர்களை அமர்த்துவது என்று பரிந்துரைத்தது. கயிறு கண்ணில் படும். ஆசிரியரின் நாக்கு யாருடைய பெயரில் தயங்குகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற இன்னொரு ஆசிரியர்தான் பிடிக்க முடியும். அதுவும் பிடித்ததை மேலே அனுப்பமாட்டார் என்ற நம்பிக்கை இருந்தால்.

தமிழில் ஓர் ஆசிரியை தன் வகுப்பறையையும் தன்னையும் அசைபோட்டு எழுதிய ஆகச் சிறந்த பிரதி எது என்று கேட்டால், 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' என்பேன். அதைத் தலித் தன்வரலாறு என்றே படித்துப் பழகிவிட்டோம். ஆசிரியையின் நூலாகவும் படிக்கலாம். தேங்காய் திருடினாள் என்று பழிசுமத்தப்பட்டுப் பள்ளியில் அவமானப்பட்ட சிறுமி, பின்னால் தானே ஆசிரியையாகிறாள். கன்னியர் மடத்தில் சேருகிறாள். மடத்துப் பள்ளிகள் யாருக்குப் பாடம் நடத்துகின்றன, யாரைக் கூட்டிப் பெருக்க வைக்கின்றன என்று பார்க்கிறாள். பார்த்ததை மடத்துக்குள் எழுத முடியவில்லை. வெளியேறிய பிறகுதான் எழுதுகிறார். எந்தப் படிவத்திலும் எந்த நாட்குறிப்பிலும் அது அடங்கியிருக்காது. பச்சை மைக் கையெழுத்து விழுந்திருக்காது. அமைப்புக்குள் இருந்துகொண்டே ஓர் ஆசிரியை அப்படி எழுத வேண்டுமானால் அந்த நோட்டு யாரிடம் இருக்க வேண்டும் என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கீழிருந்து வரும் பார்வையும் ஒன்று உண்டு. இத்தாலியில் பார்பியானா என்ற மலைக்கிராமத்தில் லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் நடத்திய பள்ளியில், மற்ற பள்ளிகள் ஃபெயிலாக்கித் துரத்திய ஏழைப் பிள்ளைகள் படித்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து 1967இல் 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' எழுதினார்கள். நீங்கள் யாரையெல்லாம் ஃபெயிலாக்கினீர்கள், அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று புள்ளிவிவரத்தோடு கேட்டார்கள். திட்டிக்கொண்டே எழுதிய கடிதம். ஆனால் ஓர் ஆசிரியரை யோசிக்கவைக்க அதைவிட நல்ல படிவம் இதுவரை அச்சாகவில்லை. நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அப்படி ஒரு கடிதம் எழுதச் சொன்னால் என்ன வரும்? எழுதச் சொல்லுகிற பள்ளி முதலில் இருக்கிறதா?

எனக்குத் தெரிந்து ஓரிடத்தில், ஒரு குறுவள மையத்தின் சனிக்கிழமைக் கூட்டத்தில், ஆறேழு ஆசிரியர்கள் நிகழ்ச்சி நிரல் முடிந்தபிறகு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுகிற வழக்கம் கொஞ்ச நாள் இருந்தது. மினிட்ஸ் கிடையாது. ஒவ்வொருவரும் ஒரே ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் பேச வேண்டும். நான் முன்னால் சொன்ன விரல் கதை அங்கே கேட்டதுதான். அந்த ஆசிரியை பேசி முடித்ததும் இன்னொருவர், 'எங்கிட்டயும் ஒருத்தி இருக்கா, நான் அவள ஃபர்ஸ்ட் ரேங்க்ல வச்சிருக்கேன்' என்றார். யாரும் சிரிக்கவில்லை. வந்திருந்த ஆசிரியர் பயிற்றுநர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு அவர் செய்ததுதான் விசேஷம். 'திங்கக்கிழமை உங்க ரெண்டாங் கிளாஸ நான் எடுக்கிறேன் டீச்சர், நீங்க பின்னாடி உக்காந்து எந்தெந்தப் பிள்ள விரல் எங்க இருக்குன்னு பாருங்க' என்றார். ஜாய்ஸும் ஷவர்ஸும் என்ன எழுதினார்கள் என்று அவருக்குத் தெரியாது. திங்கட்கிழமை எடுக்கவும் செய்தார். அன்றைக்கான உற்றுநோக்கல் படிவத்தில் பார்த்தவர் பெயர், பார்க்கப்பட்டவர் பெயர் என்ற இரண்டு கட்டங்களில் எதில் யாரை எழுதுவது என்று தெரியாமல் இருவரும் அதைக் காலியாகவே விட்டுவிட்டார்கள்.